எனக்கு முன்பே பவானி சேர்ந்த மாப்பிள்ளைக்கு

சொல்லாமல் கொள்ளாமல் புறப்பட்டுவிடுகிற என் மாப்பிள்ளை நல்லதம்பிக்கு,

நீ போய் இன்றோடு நாற்பத்தொரு நாள். இந்த வரியை எழுதும்போதே என் கை ஒருமுறை நின்றுவிட்டது. 'போய்' என்று எழுதினால், எங்கே, எந்த வண்டியில், எப்போது திரும்புகிறாய் என்று அடுத்த வரியில் கேட்டுப் பழகிய கை இது.

நம் நூலக வாசகர் வட்டத்தின் கையெழுத்து இதழில் இந்த மாதம் உனக்கென்று சில பக்கங்களை ஒதுக்கியிருக்கிறார்கள். எழுதச் சொல்லி என்னிடம் வந்தார்கள். கல்லூரியில் உன்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன், என் தங்கை சரசுவை உனக்குக் கட்டிக்கொடுத்தவன் என்ற முறையில் எனக்குத்தான் அந்த உரிமையாம். அஞ்சலி எழுத எனக்கு வராது என்பது உனக்குத் தெரியும். நான் கணக்கு வாத்தியார். ஏற்காட்டுப் பள்ளிக்கூடத்தில் கால அட்டவணை போட்டே இருபத்தைந்து ஆண்டுகளைக் கழித்தவன். நடந்ததை நடந்த வரிசையில் எழுதுவேன். என்னால் ஆவது அவ்வளவுதான்.

அப்படி எழுதுவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. இந்த இதழ் வீடு வீடாகச் சுற்றி வரும். சரசுவின் கைக்கும் வரும். உன் அஸ்தியைப் பவானிக்குக் கொண்டுசென்ற நாளில் நடந்த ஒன்றை, நானும் உன் மகள் தேன்மொழியும் அவளிடம் மறைத்திருக்கிறோம். பொய் சொல்லியிருக்கிறோம், மாப்பிள்ளை. 'நீயா?' என்று நீ கேட்பது எனக்குக் கேட்கிறது. எனக்கே இன்னும் நம்ப முடியவில்லை.

நமக்குள் இருந்த ஒரே தகராறு பயணத்தைப் பற்றியதுதான். நீ கொட்டச்சேட்டு எஸ்டேட்டில் ஆள் கணக்கு எழுதும் ரைட்டர். காப்பிப் பழம் பறித்து முடிந்து, களத்தில் கொட்டை காய்ந்து, மூட்டைகள் மலை இறங்கிவிட்டால் ஏதாவது ஒரு காலையில் நீ காணாமல் போய்விடுவாய். ஒரு தோள்பை, சரசு, தேன்மொழி. எந்த ஊருக்கு என்று கேட்டால், "சேலம் ஜங்ஷன் போய்த்தான் பாக்கோணும் மச்சான்" என்பாய்.

எனக்கு அது விளங்கியதே இல்லை. மனைவியையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு, எந்த வண்டி என்று தெரியாமல், ஓர் இருக்கையைக்கூடப் பதிவு செய்யாமல் ஒரு மனிதன் எப்படிக் கிளம்புவான்? நான் கோடை விடுமுறைக்குப் பொங்கல் கழிந்ததுமே திட்டம் போடுகிறவன். முன்பதிவுப் படிவத்தில் பெயரும் வயதும் எழுதும்போது எனக்குப் பாதிப் பயணம் முடிந்துவிட்ட நிம்மதி வந்துவிடும்.

"இடம் கிடைக்கலைன்னா என்ன பண்ணுவ?" என்று ஒருமுறை உன்னிடம் கேட்டேன்.

"நிப்போம்."

"மதுரை வரைக்குமா?"

"கரூர் வரைக்கும் நிப்போம் மச்சான். அதுக்குள்ள யாராச்சும் எங்க மூஞ்சியப் பாத்து நவுந்து குடுத்துருவாங்க. உன்ற மூஞ்சிக்குத்தான் குடுக்க மாட்டாங்க. நீ ரிசர்வேசன்லயே போ."

சரசு உள்ளே இருந்து சிரித்துக்கொண்டே வந்தாள். "போன தடவ பெங்களூர் போறோம்னு ஏறுனோம்ணா. கொஞ்ச நேரத்துல தேனு வெளிய பாத்துட்டு, 'அம்மா, காவேரி பாலம்'னா. பெங்களூருக்கு எங்கண்ணா காவேரி பாலம்! எறங்கிப் பாத்தா ஈரோடு!"

இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று நான் கேட்டேன். நீங்கள் இருவரும் இன்னும் அதிகமாகச் சிரித்தீர்கள். அன்று வீடு திரும்பும் வழியெல்லாம், என் தங்கையைப் பொறுப்பில்லாத ஒருவனுக்குக் கட்டிவைத்துவிட்டேனோ என்று நினைத்தேன். இதை உன்னிடம் நேரில் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்; மன்னித்துக்கொள்.

பிறகு இந்த ஆடி மழை. எஸ்டேட்டில் வேலைக்கு வந்தவர்களின் பெயர்களை நீ வாசித்துக்கொண்டிருந்தாய். பாதியில் நிறுத்தினாயாம். அடுத்த பெயருக்குரிய பெண், 'இருக்கறேனுங்க' என்று சொல்வதற்காக உன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாளாம். டாக்டரை அழைத்துவர ஜீப் கிளம்பியது. அது எஸ்டேட் வாசலைத் தாண்டுவதற்குள் நீ கிளம்பிவிட்டாய். நாற்பத்தொன்பது வயது. என்னைவிட ஒரு வயது இளையவன். இது எந்தக் கணக்கில் சேரும்?

மூன்றாம் நாள் பால் தெளித்து, எலும்பும் சாம்பலும் எடுத்து, பவானிக் கூடுதுறையில் கரைக்க வேண்டும். உனக்கு மகன் இல்லை. குமாரபாளையத்தில் இருக்கும் உன் அண்ணன் மகன் செந்தில்தான் கொள்ளி வைத்தான்; மறுநாளே ஊருக்குப் போய், ஆற்றங்கரையில் ஆக வேண்டியதைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னான். அப்போதுதான் தேன்மொழி எழுந்து நின்றாள். "எங்கப்பாவ நாந்தான் தண்ணியில விடுவேன்" என்றாள்.

உன் பெரியப்பாவுக்கு முகம் மாறிவிட்டது. "பொம்பளப் புள்ளைய ஆத்துக்குக் கூட்டிட்டுப் போற பழக்கம் நம்ம ஊட்டுல இல்லீங்க" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். அந்தப் பெண்ணிடம் பேச அவருக்கு விருப்பமில்லை.

"கூடாது என்று எங்கே எழுதியிருக்கிறது?" என்று கேட்டேன். புத்தகத் தமிழில், வகுப்பில் கேட்பதுபோல. யாராலும் காட்ட முடியவில்லை. எழுதப்படாத விதியை நான் விதியாக ஒப்புக்கொள்வதில்லை. பெரியப்பா தாம் வரப்போவதில்லை என்று சொல்லித் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

அன்று மாலை சரசு என் கையைப் பிடித்துக்கொண்டாள். மூன்று வேளையாக அவள் சாப்பிடவில்லை. "அண்ணா, அவ கையால குடுக்கட்டும். எனக்கு அது ஒண்ணு போதும்" என்றாள். "பொறுப்பு என்னுது" என்றேன். இந்த இரண்டு சொற்களைத்தான் நீ கவனிக்க வேண்டும்.

வழக்கம்போல் ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதினேன். கார் வரும் நேரம், சேலத்தைத் தாண்டும் நேரம், கூடுதுறையில் செந்தில் எந்தப் படித்துறையில் நிற்க வேண்டும், உன் பெயர், உன் தகப்பனார் பெயர். உச்சிப் பொழுதுக்கு முன் கரைத்துவிட வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னதால், கடைசி வரியைச் சிவப்பு மையில் எழுதினேன்: 'பன்னிரண்டு மணிக்குள் முடித்துவிட வேண்டும். யாருக்காகவும் தாமதிக்கக் கூடாது.' கீழே இரண்டு கோடுகள். சொந்தக்காரர்கள் நேரத்துக்கு வர மாட்டார்கள் என்பதற்காக அதை எழுதினேன். ஒரு பிரதியைச் செந்திலிடம் கொடுத்தனுப்பினேன். ஒன்றை அஸ்திக் கலயம் வைத்த மஞ்சள் பையில் செருகினேன்.

அன்று ஆடிப் பதினெட்டு. காவிரிக்கரை முழுதும் கூட்டமாக இருக்கும் என்பது எனக்குத் தெரியாததில்லை. காரில் போகிறவனுக்குக் கூட்டம் என்ன செய்யும் என்று நினைத்தேன்.

கார் பாதி மலையில் நின்றுவிட்டது. ஒரு கொண்டை ஊசி வளைவில், ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பனி. மூடியைத் திறந்தால் வெந்நீர் அடுப்புபோல ஆவி. டிரைவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "சார், இது இன்னைக்கு இறங்காதுங்க" என்றார்.

"முந்தாநாளே சொல்லி வெச்சனே?"

"எங்கிட்டச் சொன்னீங்க சார். வண்டிகிட்டச் சொல்லலீங்களே."

அவருக்கு அது வேடிக்கை. என் மடியில் நீ இருந்தாய். உன் கலயத்தின் வாயைக் கட்டியிருந்த வெள்ளைத் துணியைப் பார்த்தபடி, என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். ஐம்பது வயதில் முதல் முறையாக, அடுத்து எந்த வண்டி என்று எனக்குத் தெரியவில்லை.

தேன்மொழி சாலையின் நடுவில் போய் நின்றுவிட்டாள். மஞ்சக்குட்டையிலிருந்து இறங்கிவந்த பஸ் ஒன்று அவளுக்கு முன்னால் வந்து நின்றது. நெரிசலில் உன்னை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன். நாம் கட்டிப்பிடித்துக்கொண்டது கிடையாது, இல்லையா? கல்யாணத்தன்றுகூடக் கை குலுக்கிக்கொண்டதோடு சரி.

சேலம் பஸ் நிலையத்தை நீ அன்று பார்த்திருக்க வேண்டும். உனக்குப் பிடித்திருக்கும். தலைக்குத் தலை முளைப்பாரித் தட்டு, இடுப்பில் குழந்தை, கையில் சோற்றுத் தூக்குப்போசி. பவானி பஸ் உள்ளே நுழையும்போதே ஜன்னல் வழியாகத் துண்டுகள் பறக்கின்றன. துண்டு விழுந்த இருக்கை துண்டுக்காரருடையது. ஒரு துண்டுக்கு எந்தச் சட்டம் அந்த உரிமையைக் கொடுத்தது என்று நான் உன்னிடம் வாதாடியிருக்கிறேன். நீ நான்காவது ஜன்னலுக்குக் குறி பார்த்து எறிகிறவன்.

இரண்டு பஸ்கள் எங்களை ஏற்றாமல் போய்விட்டன. தேன்மொழி திடீரென்று தலையில் கை வைத்தாள். "மாமா, பூ மறந்துட்டோம். நான் ஓடி வாங்கிட்டு வந்தர்றேன். அதுக்குள்ள பஸ் வந்தா நீங்க இடம் போட்டு வைங்க."

அவள் போனதும் பஸ் வந்துவிட்டது. என்னிடம் துண்டு இல்லை. ஜன்னலோரத்தில் மஞ்சள் பூசிய முகத்தோடு ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து அவருக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். "ஏனுங்க, இடம் வேணுமுங்களா? பையக் குடுங்க, பக்கத்துல வெச்சிருக்கறேன். சுருக்கா ஏறி வாங்க."

கொடுத்தேன். இரண்டு கைகளாலும் ஏந்தி, "சாய்ச்சுராதீங்க" என்று சொல்லிக் கொடுத்தேன்.

பிறகு வாசலுக்குப் போனேன். அங்கே ஐம்பது பேர் இருந்தார்கள். அவர்களின் கடைசி எது என்று பார்த்து, அங்கே போய் நின்றுகொண்டேன். எனக்கு முன்னால் வந்தவர்கள் முன்னால் ஏறட்டும் என்பது என் எண்ணம். எனக்குப் பின்னால் வந்தவர்களும் முன்னால் ஏறினார்கள். "வரிசையா வாங்க" என்றேன். மூட்டையோடு என் தோளை இடித்துக்கொண்டு போன ஒரு கிழவர் திரும்பிப் பார்த்தார். "வரிசையில நிக்கறதுக்கு இதென்ன ரேசன் கடைங்களா வாத்தியாரே?" நான் வாத்தியார் என்பது அவருக்கு எப்படித் தெரிந்தது?

விசில் ஊதியது. படியில் தொங்கியவர்களோடு பஸ் நகர்ந்தது.

நான் ஓடவில்லை, மாப்பிள்ளை. கையை உயர்த்தினேன். வகுப்பில் பேச அனுமதி கேட்கிற பிள்ளையைப்போலக் கையை உயர்த்திக்கொண்டு நின்றேன். கத்தியிருக்கலாம். பஸ்ஸின் பக்கவாட்டைத் தட்டியிருக்கலாம். எனக்கு அது தோன்றவே இல்லை. பஸ் வளைந்து சாலைக்குப் போய்விட்ட பிறகும் என் கை மேலேதான் இருந்தது.

தேன்மொழி சாமந்திப் பூவோடு வந்தாள்.

"பை எங்க மாமா?"

"பஸ்ல."

"பஸ் எங்க?"

நான் சாலையைப் பார்த்தேன்.

"பையக் குடுத்துட்டு நீங்க எங்க நின்னீங்க?"

"வரிசையில."

"சேலம் பஸ் ஸ்டாண்டுலயா மாமா?" என்றாள். அவள் முகத்தில் இருந்தது கோபமாக இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ஒரு பெரிய மனிதரை அப்போதுதான் முதல் முறையாகப் பார்க்கிறவள்போல என்னைப் பார்த்தாள்.

நேரக் காப்பாளர் அறைக்கு ஓடினோம். "பை போயிருச்சுங்களா? பையில என்னங்க இருந்துச்சு?" என்று அவர் எழுதுவதை நிறுத்தாமலே கேட்டார்.

"எங்கப்பா" என்றாள் தேன்மொழி.

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். "அடுத்த வண்டி வர நேரமாகும் கண்ணு. வந்தாலும் ஏற முடியாது. இனிப் போற வண்டி சங்ககிரிக்கு அந்தாண்ட நகராதுங்கறாங்க. ஜங்ஷனுக்கு ஓடுங்க. ரயில்ல ஈரோடு போய் அங்கிருந்து புடிச்சுக்கலாம்."

"எந்த ரயில்?" என்று கேட்டேன். அவரும் தேன்மொழியும் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"வர்ற ரயிலுங்க" என்றார்.

ஜங்ஷனில் டிக்கெட் வரிசை வாசல்வரை நின்றது. நான் அதன் கடைசியை நோக்கிப் போனேன். திரும்பிப் பார்ப்பதற்குள் அவள் பெண்கள் பக்கம் புகுந்து இரண்டு அட்டை டிக்கெட்டோடு வந்துவிட்டாள். என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். பெயர் தெரியாத ஒரு ரயிலில், பதிவு செய்தவர்களுக்கான பெட்டியில், பதிவு செய்யாத டிக்கெட்டோடு நான் ஏறினேன். ரயில் நகரும்போது ஏறினேன்.

கண்ணாடி போட்ட ஒருவர் பத்திரிகையை மடித்துக்கொண்டு சொன்னார்: "இது ரிசர்வேசன் கோச் சார். எழுதியிருக்கறது தெரியலீங்களா?" இதே சொற்களை, இதே குரலில், எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன்! கைக்குழந்தையோடு என் இருக்கை ஓரத்தில் ஒண்டிய பெண்ணிடம்கூட. அந்தக் குரல் வெளியிலிருந்து கேட்கும்போது இப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவர் நகர்ந்து தேன்மொழிக்கு இடம் கொடுத்தார். எனக்குக் கொடுக்கவில்லை.

அவள் உட்காரவில்லை. என்னோடு கதவருகே வந்து நின்றுகொண்டாள். என் கை நடுங்குவதைப் பார்த்திருப்பாள்போல.

"அப்பாவுக்கும் இப்படித்தான் இருக்கும் மாமா. வண்டி வர்ற வரைக்கும் அம்மா கைய வலிக்கற மாதிரி புடிச்சுட்டு நிப்பாரு."

"உங்கப்பாவுக்கா? பயமா? அவன் விரும்பித்தானேம்மா இப்படிப் போவான்?"

"ரிசர்வேசன் பண்ணத் தேதி வேணுமில்ல மாமா? எங்கப்பாவுக்கு யாரு தேதி குடுத்தா?"

எனக்கு முதலில் புரியவில்லை. அவள் கதவுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள். எஸ்டேட்டில் உனக்கு விடுமுறை எப்போது என்று எந்த வருடமும் யாரும் முன்கூட்டிச் சொன்னதில்லையாம். பறிப்பு முடிந்து, மூட்டை இறங்கி, முதலாளி ஏதோ ஒரு சாயங்காலம் நல்ல மனதோடு, "சரி, ஒரு நாலு நாள் போய்ட்டு வாய்யா" என்பாராம். மறுநாள் காலை கிளம்பாவிட்டால் அதற்கடுத்த நாள் வேறு வேலை வந்துவிடும். அந்த நாலு நாளில் எந்த ரயில் கிடைக்கிறதோ அந்த ஊர். "சின்னப் புள்ளையா இருக்கறப்ப எனக்கு அது வெளையாட்டுன்னுதான் தெரியும். அப்பா அப்படித்தான் சொல்வாரு. யாரும் கண்டுபுடிச்சுராத மாதிரி சிரிச்சுக்கிட்டே இருப்பாரு."

நான் கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். இருபது வருடம், நல்லதம்பி! இருபது வருடம் உன்னைத் திட்டமில்லாதவன் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். என் விடுமுறைகள் ஜூன் மாதமே அச்சிட்டு என் கையில் வந்துவிடும். அது என் ஒழுங்கு என்று நினைத்திருந்தேன். ஏன் ஒரு தடவைகூட நீ சொல்லவில்லை? 'மச்சான், எனக்கு லீவு எப்பன்னு எனக்கே தெரியாது' என்று ஒரு வரி. அதைச் சொல்ல உனக்கு வெட்கமா? அல்லது, கேட்கிற முகமாக என் முகம் இல்லையா?

ஈரோட்டிலிருந்து பவானி போகும் பஸ்ஸில் நான் கதவில் முண்டி ஏறினேன். ஒரு பெரியவரின் காலை மிதித்தேன். மன்னிப்புக் கேட்கவில்லை.

கூடுதுறைக்குப் போனபோது பன்னிரண்டைத் தாண்டி இருபத்தைந்து நிமிடம். மஞ்சள் பையைத் தேடி யாரைக் கேட்பது என்று ஆயிரம் முகங்களைப் பார்த்துக்கொண்டே படித்துறைக்கு இறங்கினோம். செந்தில் ஈர வேட்டியோடு எங்களை நோக்கி வந்தான்.

"எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதுங்க மாமா. பன்னெண்டுக்குப் பத்து நிமிசம் இருக்கறப்பவே கரைச்சாச்சு."

என் காதில் விழுந்ததை நான் நம்பவில்லை. "என்னத்தடா கரைச்சே?"

"சித்தப்பாவத்தாங்க. நீங்கதானுங்களே அந்தம்மாகிட்டக் குடுத்தனுப்பிச்சீங்க?" அவன் முகம் மெல்ல மாறியது. இடுப்பிலிருந்து நனைந்த தாளை எடுத்துப் பிரித்தான். "தேனு வரட்டும்னு நானும் மேல மேல பாத்தனுங்க. ஆனா நீங்க எழுதியிருக்கீங்களே..."

யாருக்காகவும் தாமதிக்கக் கூடாது. என் சிவப்பு மை கரைந்து அவன் விரலெல்லாம் ஒட்டியிருந்தது.

பஸ்ஸில் பையை வாங்கிக்கொண்ட அம்மாள் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். வெள்ளக்கடை என்ற ஊர்க்காரர், பெயர் செல்லம்மாள். குடும்பத்தோடு ஆடிப் பதினெட்டுக்கு வந்தவர். எங்களைப் பார்த்ததும் எழுந்து ஓடிவந்தார். "நீங்க ஏறுவீங்க ஏறுவீங்கன்னு கதவையே பாத்துட்டிருந்தனுங்க. வண்டிய எடுத்துட்டான். பையில பேரு, ஊரு எதுனா இருக்குதான்னு எங்கூட்டுக்காரர் அந்தக் காயிதத்த எடுத்துப் படிச்சாரு. அப்புறந்தான் என்னன்னு தெரிஞ்சுது. படித்துறை போட்டிருந்துச்சு, மணி போட்டிருந்துச்சு. நேரம் தப்பீருமோன்னு நொம்பப் பயமாப் போச்சுங்க. கூட்டத்துல விழுந்தடிச்சு ஓடியாந்து இந்தத் தம்பியக் கண்டுபுடிச்சுக் குடுத்தேன்."

அவர் ஒரு பிழையும் செய்யவில்லை. செந்திலும் செய்யவில்லை. என் தாளில் இருந்தபடியே எல்லாம் நடந்திருந்தது, மாப்பிள்ளை. குறித்த நேரத்தில், குறித்த படித்துறையில். முன்பதிவு இல்லாத பஸ்ஸில் நீ நேரத்துக்கு வந்து சேர்ந்துவிட்டாய். வர வேண்டிய உன் மகளை நான் சேலத்தில் நிறுத்திவிட்டேன்.

தேன்மொழி எந்த இடம் என்று மட்டும் செந்திலிடம் கேட்டாள். முழங்கால் தண்ணீரில் இறங்கி, வாங்கி வந்த சாமந்தியை அங்கே விட்டாள். பூ உடனே கூட்டத்தின் மற்ற பூக்களோடு சேர்ந்துவிட்டது. எது அவளுடையது என்று தெரியவில்லை. அப்போதுதான் அவள் அழுதாள். செல்லம்மாள் புடவையோடு தண்ணீரில் இறங்கி அவளைப் பிடித்துக்கொண்டார்.

"அழுகாத கண்ணு. உங்கொப்பன நாந்தான் மடியில வெச்சுக் கூட்டியாந்தேன். கீழ வெக்கவே இல்ல சாமி."

மலைக்குத் திரும்பும் பஸ்ஸிலேயே, சரசுவிடம் உள்ளதைச் சொல்லிவிடுவது என்று நான் முடிவு செய்திருந்தேன். அதில் எனக்கு ஐயமே இல்லை. சொல்ல வேண்டிய வாக்கியங்களைக்கூட மனதுக்குள் அமைத்துவிட்டேன்.

அவள் வாசலிலேயே நின்றிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. மகளின் இரண்டு கைகளையும் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். "கண்ணு, உன்ற கையாலதானே குடுத்தே?"

தேன்மொழி என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறந்தேன். "ஆமாம்மா" என்றாள் அவள்.

சரசு அந்தக் கைகளைத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். வாயால் சொல்லவில்லை என்று தப்பிக்கப் போவதில்லை. தலையாட்டியதும் சொன்னதுதான். அன்று அவள் ஒரு தட்டு சோறு சாப்பிட்டாள்.

அந்த ஒரு தட்டு சோற்றுக்காகச் செய்தது என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அது அன்றோடு முடியவில்லை. சரசு வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள்: "எம்புள்ள கையாலதான் அவரு போனாரு." உன் பெரியப்பா முப்பதாம் நாளுக்கு வந்தபோது அவரிடமும் தலை நிமிர்ந்து சொன்னாள். அவர் தேன்மொழியின் தலையைத் தொட்டுவிட்டுப் போனார். தினமும் காலையில் அந்தக் கைகளை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறாளாம்.

நேற்று தேன்மொழி பள்ளிக்கூடத்துக்கே என்னைத் தேடி வந்தாள். மெலிந்திருந்தாள். வகுப்பறை வாசலில் நின்று, "மாமா, அம்மா என்ற கையப் புடிக்கறப்பெல்லாம் எனக்கு உதறுது. நீங்க சொல்றீங்களா, நானே சொல்லட்டுமா?" என்று கேட்டாள்.

கரும்பலகையில் கணக்கு பாதியில் நின்றது. எனக்கு வெட்கமாக இருந்தது. ரயிலில் என் கை நடுங்கியபோது பக்கத்தில் வந்து நின்றவளை, இத்தனை நாளாகத் தனியாக விட்டிருக்கிறேன். கை உயர்த்தி நின்ற அதே இடத்திலேயே இன்னமும் நின்றுகொண்டிருக்கிறேன், இல்லையா?

இந்த இதழ் எந்த வீட்டுக்கு எந்த நாளில் போக வேண்டும் என்று பட்டியல் போடுகிறவன் நான்தான். சரசுவின் பெயரைக் கடைசியில் போட்டால் அவளுக்கு வந்து சேர இரண்டு மாதமாகும். போன வாரம் அப்படித்தான் போட்டிருந்தேன். இதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

அதைக் கிழித்துவிட்டேன். இந்தப் பக்கங்கள் இதழில் சேர்வதற்கு முன்பே சரசுவிடம் போகும். நானே கொண்டுபோவேன். நாளை விடிந்ததும் அவளுக்கு எதிரில் உட்கார்ந்து, முதல் வரியிலிருந்து வாசிப்பேன். பொய்யைத் தொடங்கியவள் தேன்மொழி என்று அவள் நினைத்துவிடாதபடி, வாய் திறந்தும் பேசாமல் இருந்தவன் நான் என்பதை அழுத்திச் சொல்வேன். "நீ ஏண்ணா ஏறல?" என்று அவள் கேட்பாள். அதற்கு என்னிடம் நல்ல பதில் எதுவும் இல்லை. இல்லை என்றே சொல்வேன். வெளியே போ என்றால் வெளியே வந்து வாசலில் உட்கார்ந்திருப்பேன்.

அதற்குப் பிறகும் அவள் அந்தக் கைகளைக் கண்ணில் ஒற்றிக்கொள்வாளா? தெரியவில்லை, மாப்பிள்ளை. ஆனால் நாளை முதல் அந்தக் கைகள் நடுங்க விடமாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன் சரசுவின் அண்ணன், உன் தேன்மொழியின் தாய்மாமன்,
சடையப்பன்